வலிக்கிறது என்பவரின் சொல்லுக்கு எந்தத் தத்துவம் இடம் தருகிறது? நனவு பற்றிய நிலைப்பாடுகள்: ஓர் ஒப்பீடு

நனவு, அதாவது உள்ளிருந்து ஒன்றை உணர்ந்து அனுபவிப்பது, பற்றி ஓராண்டு தொடர்ந்து படிக்க விரும்பும் ஒரு வாசிப்பு வட்டம், எந்த நிலைப்பாட்டை அடித்தளமாகக் கொண்டு தொடங்குவது என்பதை முதற்கூட்டத்திலேயே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. ஹட்டன், தலவாக்கலை, பதுளை போன்ற இலங்கை மலையக நகரங்களில் கூடும் இத்தகைய வட்டங்களில், அளவையியலும் விஞ்ஞான முறையும் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்த ஓரிருவர், உயர்தர மாணவர் சிலர், தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என்று பலதரத்தவரும் கலந்தே இருப்பர். எல்லாக் கொள்கைகளையும் வரிசையாகப் பார்த்துவிடலாம் என்ற யோசனை நியாயமானதாகத் தோன்றினாலும், அவ்வாறு தொடங்கும் வட்டம் பெரும்பாலும் கொள்கைகளின் பெயர்களை மனனம் செய்வதோடு நின்றுவிடுகிறது. ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை அதனோடு மோதவிட்டுப் படிப்பதே பயன் தரும். அந்த ஒன்று எது என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

பிரச்சினை எங்கே இருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1974இல் மெய்யியலாளர் தோமஸ் நேகல், வௌவாலாக இருப்பது வௌவாலுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார். எதிரொலியால் வழியறியும் அதன் செவியையும் மூளையையும் பற்றி அறியக்கூடிய அனைத்தையும் அறிந்த பின்னரும், உள்ளிருந்து அது எப்படி இருக்கும் என்பது அந்த அறிவுக்குள் அகப்படவில்லை என்பது அவருடைய வாதம். 1983இல் ஜோசப் லெவின் இதனை விளக்க இடைவெளி என்றார். 1995இல் டேவிட் சால்மர்ஸ், நினைவையும் கவனத்தையும் பேச்சையும் மூளை எவ்வாறு நடத்துகிறது என்பன போன்ற கேள்விகளை எளியவை என்றும், இவையெல்லாம் நடக்கும்போது ஒருவருக்கு ஏன் ஏதோவொன்று உணரப்படவும் வேண்டும் என்ற கேள்வியைக் கடினமானது என்றும் பிரித்தார். எளியவை என்று அவர் சொன்னவற்றுக்கே நரம்பியலாளர் தலைமுறை தலைமுறையாக உழைக்க வேண்டியிருக்கும் என்பது வேறு விடயம்.

ஒப்பிடுவதற்கு ஓர் உரைகல் வேண்டும். பல்கலைக்கழக நூல்கள் பெரும்பாலும் முரணின்மை, எளிமை, விஞ்ஞானத்தோடு பொருந்துதல் ஆகியவற்றையே உரைகல்லாகக் கொள்கின்றன. மலையகத்தில் கூடும் வட்டத்துக்கு அவற்றைவிட முந்திய ஒன்று உண்டு. தோட்டத்து டிஸ்பென்சரியின் வாங்கில் காலை நேரம் இரண்டு பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒருவரைக் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டியிருக்கிறது. கையும் முகமும் வீங்கியிருக்கின்றன. மற்றவர் இருபது ஆண்டுகளாகக் கூடைக் கயிற்றைத் தலையில் தாங்கியவர். "ஐயா, கழுத்துல இருந்து தோள்பட்ட வரைக்கும் கடுக்குதுங்க, ராவுல தூக்கம் இல்ல" என்கிறார். முதலாமவருக்கு ஊசியும் ஓய்வும் கிடைக்கின்றன. இரண்டாமவருடைய உடலில் கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் இல்லை. இரண்டு வில்லைகளோடு மலைக்குத் திரும்ப வேண்டியதுதான், இல்லாவிட்டால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும். இங்கே வைத்தியரின் நல்லெண்ணத்தைக் குறைசொல்ல வரவில்லை. கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு மதிப்பும், சொல்லப்படுவதற்கு வேறொரு மதிப்பும் ஏன் கிடைக்கின்றன என்பதே கேள்வி. அகவனுபவம் பற்றிய தத்துவக் கேள்வியும் இதுவேதான்.

எனவே எந்த நிலைப்பாட்டிடமும் இரண்டை எதிர்பார்க்கிறேன். அனுபவிப்பவருடைய சொல்லுக்கு அது சான்று என்ற நிறையைத் தர வேண்டும். அதேவேளை, அந்தச் சொல் பிழைபடக்கூடியது, திருத்தப்படக்கூடியது, பயிற்சியால் கூர்மைப்படக்கூடியது என்பதற்கும் இடம்விட வேண்டும். இரண்டையும் ஒருங்கே தருவது எளிதன்று. வலி பற்றிய ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் திருத்திய வரையறையின் குறிப்புகளில், வலி எப்போதும் ஒருவரின் தனிப்பட்ட அனுபவம் என்றும், ஒருவர் தமக்கு வலி இருப்பதாகச் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் சேர்த்தது. மருத்துவம் அவ்வளவு தூரம் வந்துவிட்டது. எந்த மெய்யியல் அந்த மதிப்புக்குக் காரணம் காட்டும் என்பதைப் பார்ப்போம்.

முதலில், மாணவர் பலருக்கும் இயல்பாகவே பிடித்துப்போகும் பொருள்முதல் நிலைப்பாடு. யூ. ரி. பிளேஸ் 1956இலும் ஜே. ஜே. சி. ஸ்மார்ட் 1959இலும், மின்னல் என்பது மின்னிறக்கமே என்று கண்டறியப்பட்டதைப் போல, உணர்வு என்பதும் மூளையில் நிகழும் ஒரு செயல்முறையே என்று கண்டறியப்படலாம் என வாதிட்டனர். இதன் பலத்தைக் காண, முதலில் சொன்ன குளவிக்கொட்டையே எடுத்துக்கொள்ளலாம். கொட்டியவுடன் சுருக்கென்று ஒரு வலி, சற்றுப் பிந்தி எரிச்சலோடு பரவும் இன்னொரு வலி என்று இரண்டு வருவதைக் கொட்டுப்பட்டவர்கள் அறிவர். முதலாவதை மெல்லிய உறையுடைய, வேகமான ஏ-டெல்ற்றா நரம்பிழைகளும், இரண்டாவதை உறையற்ற, மெதுவான சி இழைகளும் கொண்டுசெல்கின்றன. அனுபவத்தில் இரண்டாகப் பிரிந்திருப்பது நரம்பிலும் இரண்டாகப் பிரிந்திருக்கிறது என்பதை அறியும்போது, ஆத்மா என்ற ஒன்றை இடையில் நிறுத்துவதற்கு என்ன தேவை என்று மாணவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இரண்டும் ஒன்றே என்று சொல்வதில் சிக்கல்கள் உண்டு. ஹிலரி புட்னம், எட்டுக்காலியான ஒக்டோபசுக்கும் வலி இருக்கலாம், அதன் நரம்பமைப்போ நம்முடையதிலிருந்து முற்றிலும் வேறானது, எனவே வலியை ஒரு குறிப்பிட்ட நரம்பு நிகழ்வோடு சமப்படுத்த முடியாது என்றார். சோல் கிரிப்கி, தண்ணீரைப் போலத் தோன்றும் ஒன்று தண்ணீராக இல்லாமல் போகலாம், வலியைப் போல உணரப்படும் ஒன்றோ வலியாக இல்லாமல் போக முடியாது என்று காட்டினார். இவற்றைவிட எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. நரம்பு நிகழ்வே வலி என்று ஏற்றுக்கொண்ட வட்டம், அந்த நிகழ்வை அளக்கும் கருவி கிடைத்துவிட்டால் வலியுள்ளவரைக் கேட்க வேண்டியதில்லை என்ற முடிவுக்கு வெகு விரைவில் வந்துவிடுகிறது. ஸ்மார்ட் அவ்வாறு சொல்லவில்லை. ஆனாலும் வழுக்கல் அந்தப் பக்கமாகவே இருக்கிறது. மறந்துபோவது இதுதான்: மூளையின் இந்தப் பகுதி வலியோடு தொடர்புடையது என்பதை ஆய்வாளர் கண்டுபிடித்ததே, கருவிக்குள் படுத்திருந்தவர் "இப்போது வலிக்கிறது, இப்போது இல்லை" என்று சொன்னதை வைத்துத்தான். அளவியைச் சரிபார்த்துத் தந்தது நோயாளியின் சொல். சரிபார்க்கப்பட்ட பின் அந்தச் சொல்லையே அளவியைக் காட்டி மறுப்பதற்கு, பொதுவான அவநம்பிக்கை போதாது. தனியான, வலுவான காரணம் வேண்டும்.

நரம்பியல் இந்த இடைவெளியை விரைவில் மூடிவிடும் என்று காத்திருப்பதும் ஒரு தெரிவுதான். நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் கோக், நனவுக்குரிய நரம்புச் சுவடு இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் தெளிவாகக் கண்டறியப்படும் என்று 1998இல் சால்மர்ஸோடு பந்தயம் கட்டினார். 2023இல் தோல்வியை ஏற்று ஒரு பெட்டி வைன் கொடுத்தார். அந்த ஆண்டிலேயே, நனவை விளக்க முயலும் இரு போட்டிக் கொள்கைகளான ஜூலியோ டொனோனியின் ஒருங்கிணைந்த தகவல் கொள்கையையும், பேர்னார்ட் பார்ஸ் தொடங்கி ஸ்டனிஸ்லாஸ் டிஹேன் வளர்த்த பொதுப் பணிவெளிக் கொள்கையையும் நேருக்கு நேர் நிறுத்திச் சோதித்த கூட்டாய்வின் முதல் முடிவுகளும் வெளியாயின. இரண்டில் எதுவும் காயமின்றித் தப்பவில்லை. காத்திருக்கலாம், ஆனால் காத்திருப்பதற்கு வாசிப்பு வட்டம் தேவையில்லை.

எதிர்ப்பக்கத்தில், அனுபவம் உடலுக்குள் அடங்காத வேறொன்று என்னும் இருமைவாதம் நிற்கிறது. அதன் நவீன வடிவத்துக்கு மிகவும் அறியப்பட்ட வாதம், பிராங்க் ஜாக்சன் 1982இல் எழுதிய மேரியின் கதை: கறுப்பு வெள்ளை அறைக்குள்ளேயே வளர்ந்து, நிறப்பார்வை பற்றிய பௌதிக உண்மைகள் அனைத்தையும் கற்ற விஞ்ஞானி, வெளியே வந்து முதன்முறை சிவப்பைக் காணும்போது புதிதாக ஒன்றை அறிகிறாளா? மலையகத்தில் இதனை வேறுவிதமாகவும் கேட்கலாம். பிறவியிலேயே மணமறியாத ஓர் இரசாயனவியலாளர், ஊவாத் தேயிலையில் மெதைல் சலிசிலேற்று எவ்வளவு இருக்கிறது, தியாஃபிளேவின் எவ்வளவு இருக்கிறது, அவை எந்த ஏற்பிகளைத் தூண்டுகின்றன என்பதையெல்லாம் அறிந்திருக்கிறார். யூலை முதல் செப்டெம்பர் வரையான பருவத்தில் பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைக்கு வரும் அந்தக் குளிர்ந்த மணம் எப்படி இருக்கும் என்பதை அவர் அறிவாரா? இல்லை என்றே பெரும்பாலோர் சொல்வர். அதிலிருந்து, பௌதிகத்தில் அடங்காத உண்மை ஒன்று உண்டு என்ற முடிவுக்குத் தாவலாமா என்பதிலேதான் சண்டை. ஜாக்சனே பின்னாளில் தம் முடிவைக் கைவிட்டுப் பொருள்முதல்வாதத்துக்குத் திரும்பினார் என்பதையும் வட்டத்தில் சொல்லிவிட வேண்டும். வாதம் நிற்கிறது, வாதியோ போய்விட்டார்.

அனுபவிப்பவரின் சொல்லுக்கு இருமைவாதமே அதிக மதிப்புத் தருவது போலத் தோன்றும். உற்றுப் பார்த்தால் அப்படியில்லை. உடலும் உள்ளமும் இரு வேறு பொருள்கள் என்றால், பரப்பில்லாத உள்ளம் பரப்புள்ள உடலை எவ்வாறு அசைக்கும் என்று பொஹீமிய இளவரசி எலிசபெத் 1643இலேயே, அவ்வாறு வாதிட்ட பிரெஞ்சு மெய்யியலாளர் டெக்கார்டிடம் கேட்டார்; திருப்தியான பதில் வரவில்லை. அந்தச் சிக்கலைத் தவிர்க்க, அனுபவம் மூளையால் விளைகிறது, ஆனால் அது எதையும் விளைவிப்பதில்லை என்ற நிலைக்கு ஜாக்சன் 1982இல் போனார். அப்படியானால், தோள் வலிக்கிறது என்று அந்தப் பெண் சொல்வதற்கு அவருடைய வலி காரணமன்று. வலியே இல்லாதிருந்தாலும் வாய் அதே சொல்லைச் சொல்லியிருக்கும். அனுபவத்தைக் காப்பாற்றப் புறப்பட்ட கொள்கை, அனுபவத்துக்கும் அதைச் சொல்லும் சொல்லுக்கும் இடையிலிருந்த கயிற்றை அறுத்துவிடுகிறது. சால்மர்ஸ் இந்த இக்கட்டை நன்கறிந்து நீண்ட பதில்கள் எழுதியிருக்கிறார். என்னை அவை நம்பவைக்கவில்லை.

அனுபவத்துக்குத் தனியான அகத்தன்மை இருப்பதாகத் தோன்றுவதே மயக்கம் என்னும், மாயைவாதம் என்று இப்போது அழைக்கப்படும் நிலைப்பாட்டில் சற்று நிற்க வேண்டும், ஏனெனில் மலையக வட்டத்துக்கு இதுவே மிகவும் உயிருள்ள எதிரி. கீத் ஃபிராங்கிஷ் 2016இல் இப்பெயரை நிலைநிறுத்தினார். வேர் டேனியல் டெனெட்டினுடையது. 2024இல் காலமான டெனெட், 1988இல் எழுதிய கட்டுரையொன்றில் சுவைபார்ப்போர் இருவரைக் கற்பனை செய்தார். கோப்பி நிறுவனமொன்றில் பல ஆண்டு வேலைபார்த்த சேஸ், சான்போர்ன் ஆகிய இருவருக்கும் அந்தக் கோப்பி இப்போது பிடிக்கவில்லை. சுவை மாறவில்லை, என் இரசனைதான் மாறிவிட்டது என்கிறார் சேஸ். இரசனை மாறவில்லை, என் நாவுக்கு வரும் சுவைதான் மாறிவிட்டது என்கிறார் சான்போர்ன். இருவரில் யார் சொல்வது உண்மை என்பதை அவர்களாலேயே உள்ளே பார்த்து அறிய முடியாது. அப்படியிருக்க, ஒருவருக்கு மட்டுமே நேரடியாகத் தெரிகின்ற, பிழைபடாத அகச்சுவை என்ற ஒன்று இருப்பதாகச் சொல்வதில் என்ன பொருள் என்பது டெனெட்டின் கேள்வி.

கோப்பியை விட்டுத் தேயிலைக்கு வருவோம். தொழிற்சாலையின் சுவைபார்க்கும் மேசையில், மூடியுள்ள வெள்ளைப் பாத்திரங்களும் அவற்றின் முன்னே வெள்ளைக் கிண்ணங்களும் வரிசையாக இருக்கும். சர்வதேசத் தர நியமத்தின்படி 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், ஆறு நிமிடம் ஊறல். வடித்த சாறு கிண்ணத்திலும், ஊறிய இலை கவிழ்த்த மூடியின் மேலும் இருக்கும். சுவைபார்ப்பவர் இலையின் நிறத்தைப் பார்த்து, குனிந்து மணந்து, கரண்டியில் எடுத்த சாற்றை அறை முழுதும் கேட்கும்படி உறிஞ்சி, வாயின் பின்புறம் வரை பரப்பி, துப்பிவிட்டு, 'பிரிஸ்க்', 'பிரைட்', 'ப்ளாட்' என்று ஒரு சொல் சொல்லி அடுத்த கிண்ணத்துக்குப் போகிறார். அருகில் கற்றுக்கொள்ளும் இளைஞருக்கு முதலில் எல்லாம் ஒரே சாயத் தண்ணீர்தான். காலம் செல்லச் செல்ல, ஆசானுக்கு இருக்கும் வேறுபாடுகள் அவருக்கும் இருக்கத் தொடங்குகின்றன. தடிமன் பிடித்த நாளில் தம் சொல் நம்பத்தகாதது என்று அவரே ஒதுங்கிக்கொள்கிறார். சந்தேகம் வந்தால் ஒரே தூளை இரண்டு கிண்ணத்தில் வைத்து, எது எதென்று சொல்லாமல் சோதிக்கிறார்கள். இன்னொரு சுவைபார்ப்பவரைக் கூப்பிடுகிறார்கள்.

டெனெட்டுக்கான பதில் இந்த மேசையில் பாதி இருக்கிறது. உள்ளே பார்ப்பதால் மட்டும் சேஸும் சான்போர்னும் தம் வழக்கைத் தீர்த்துக்கொள்ள முடியாது என்பது உண்மை. பழைய மாதிரி, சக சுவைஞர், மறைத்துவைத்த சோதனை ஆகியவற்றின் துணையோடு ஓரளவு தீர்த்துக்கொள்ள முடியும். இதை டெனெட்டும் மறுக்கமாட்டார். அப்படித் தீர்ப்பதானால் அகச்சுவை மீதான தனியதிகாரம் போய்விடுகிறதே என்பார். போகட்டும். பிழைபடாத அதிகாரம் போய்விட்டால் எந்த அதிகாரமும் இல்லை என்று ஆகிவிடாது. ஒரு தேயிலைத் தொகுதியின் விலையே சுவைஞரின் நாவை ஒட்டி மதிக்கப்படுகிறது. அந்த நாவு பிழைவிடும் என்பதை அறிந்துகொண்டே மதிக்கிறார்கள். இந்த மலையில் ஒருவருடைய அகவனுபவத்துக்குச் சந்தை மதிப்பு இருக்கிறது, இன்னொருவருடைய அகவனுபவத்துக்கு அரைநாள் ஓய்வு கூடக் கிடைப்பதில்லை என்ற வேறுபாடும் கூடவே கண்ணில் படுகிறது.

மாயைவாதி வலியை மறுக்கிறார் என்று எண்ணுவது அநியாயம். வலிக்கிறது என்பதை அவர் ஏற்கிறார். வலிக்குச் சொல்லொணாத, தனியான ஓர் அகத்தன்மை இருப்பதாக நமக்குத் தோன்றுவதையே மயக்கம் என்கிறார். நுணுக்கமான இந்த வேறுபாட்டைத் தேர்ந்த மெய்யியலாளர் கூட்டம் காப்பாற்றிக்கொள்ளும். முதலாண்டு வாசிப்பு வட்டம் காப்பாற்றாது; மூன்றாம் கூட்டத்துக்குள் "எல்லாம் மனப்பிரமைதானே" என்ற பேச்சு வந்துவிடும். அந்தப் பேச்சை டிஸ்பென்சரி வாங்கில் இருக்கும் பெண் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறார். ஆகவே மாயைவாதத்தை அடித்தளமாக்க வேண்டாம், ஆனால் கட்டாயம் படிக்க வேண்டும் என்பது என் தீர்ப்பு.

அனைத்துயிர்ப்புவாதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொருளின் அடிப்படைத் துகள்களிலேயே அனுபவத்தின் கூறு உண்டு என்று கலன் ஸ்ட்ரோசன் 2006இலும் பிலிப் கொஃப் 2019இலும் வாதிட்டனர். சிறு சிறு அனுபவங்கள் சேர்ந்து எவ்வாறு ஒரே பேரனுபவமாகும் என்று வில்லியம் ஜேம்ஸ் 1890இல் எழுப்பிய தடைக்கு இன்னும் பலரும் ஏற்கும் விடை இல்லை. நம் மக்கள் தொழிற்சாலைச் சக்கரத்தடியில் ரோதமுனிக்குத் தேங்காய் உடைப்பதைக் காட்டி, இது நமக்குப் பழக்கமான கொள்கைதானே என்று சிலர் மகிழ்வர். முனி இயந்திரத்தைக் காக்கிறார் என்றுதான் மக்கள் நம்புகிறார்கள். பல்சக்கரத்துக்கு வலிக்கும் என்று எவரும் சொல்வதில்லை. நமது உரைகல்லுக்கு இந்தக் கொள்கை பதிலே சொல்வதில்லை: அணுவுக்கு அனுபவம் உண்டென்று ஏற்பதால் தோள்வலியை நம்புவதற்கு ஒரு காரணமும் கூடிவிடாது.

நம்மிடையே ஏற்கெனவே உள்ள இரண்டு மரபுகளை வெறும் பெருமைக்காகவன்றி, போட்டியாளர்களாகவே நிறுத்த வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் அமைத்த சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம், உடலுக்குள் ஆன்மா உண்டு என்பதற்கு ஒன்றன்பின் ஒன்றாகக் காரணங்கள் அடுக்குகிறது: இல்லை என்று மறுப்பதற்கே ஓர் அறிவு வேண்டும், எனது உடல் என்று சொல்கிறோம், ஐம்புலனும் ஒடுங்குவதை அறிகிறோம், உறங்கும்போது உடல் இருந்தும் உண்ணலும் செயலும் இல்லை, உணர்த்தினால் உணர்கிறோம். இங்கே கவனிக்க வேண்டியது, சைவ சித்தாந்தம் எல்லையை எங்கே வரைகிறது என்பது. டெக்கார்ட் உடலை ஒரு பக்கமும் மனத்தை மறுபக்கமும் வைத்தார். சித்தாந்தமோ மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய அந்தக்கரணங்களையும் (உட்கருவிகளையும்) உலகின் மூலப்பொருளான மாயையின் விளைவான சடப்பொருள்களின் பக்கமே தள்ளிவிட்டு, அறிபவனை மட்டும் மறுபக்கம் நிறுத்துகிறது. அறிபவனும் கருவிகளின் துணையின்றி, காட்டுவார் காட்டாமல், எதையும் அறிவதில்லை. எனவே மூளையில் அடிபட்டவருக்கு நினைவு போவதோ, மயக்கமருந்தில் உணர்வு அடங்குவதோ டெக்கார்டை உறுத்துவது போலச் சித்தாந்தியை உறுத்தாது. அனுபவம் மெய், ஆனால் கருவி வழிப்பட்டது, கருவி பழுதானால் பிழைபடும் என்ற இந்த ஏற்பாடு, நாம் கேட்ட இரண்டு நிபந்தனைகளுக்கும் எதிர்பாராத அளவுக்கு அருகில் வருகிறது.

பௌத்தம் இதற்கு நேரெதிராக, எனது உடல் என்ற பேச்சு வழக்கிலிருந்து உடையவர் ஒருவரைப் பெற முடியாது என்கிறது. தேரின் உறுப்புகளைத் தவிரத் தேர் என்று தனியாக ஒன்று இல்லாதது போல, உடல், உணர்ச்சி முதலான ஐந்து கந்தங்களை, அதாவது கூறுகளைத் தவிர ஆள் என்று ஒருவர் இல்லை என்று நாகசேனர் என்ற துறவி மிலிந்த மன்னனுக்குக் காட்டுகிறார். ஆள் இல்லை என்றாலும் வேதனை, அதாவது உணர்ச்சி, உண்டு. இன்பம், துன்பம், இரண்டுமற்றது என்று வரும் ஒவ்வொன்றையும் அவ்வப்போதே குறித்துக்கொள்ளும் பயிற்சி, சதிபட்டானம் என்ற பௌத்தத் தியான முறையின் ஒரு பகுதி. அகவனுபவத்தைச் சொல்லும் திறன் பயிற்சியால் கூர்மைப்படும் என்பதை இவ்வளவு முறையாக எடுத்துக்கொண்ட மரபுகள் குறைவு. கண்டியும் பேராதனையும் அருகிலிருப்பதால் இதற்கு வழிகாட்டிகள் கிடைப்பர். பேராதனையில் மெய்யியல் கற்பித்த கே. என். ஜயதிலக்க, கேம்பிரிட்ஜில் விட்கென்ஸ்டைனிடம் கற்றவர். ஆதி பௌத்தத்தின் அறிவுக்கொள்கை பற்றி 1963இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் படிக்கப்படுகிறது. ஒவ்வொருவரும் தம் பெட்டிக்குள் இருக்கும் வண்டை மட்டுமே பார்க்க முடியும் என்றால், வண்டு என்ற சொல்லின் பொருளில் பெட்டிக்குள் இருப்பதற்கு இடமே இல்லை என்ற விட்கென்ஸ்டைனின் வாதத்தையும், வலிச்சொல் அழுகையின் இடத்தைப் பிடிக்கும் ஒரு வெளிப்பாடு என்ற அவருடைய கருத்தையும் இந்தப் பின்னணியில் படிப்பது தனிச் சுவை.

ஆயினும் இவ்விரண்டில் ஒன்றை அடித்தளமாக்குவதற்கு எதிரான காரணம் தத்துவத்தில் இல்லை, அறையில் இருக்கிறது. வட்டத்தில் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் இருப்பர். சைவர்களிடையேயும் ஆண்டுத் திருவிழாச் சொற்பொழிவின் தொனி வந்து ஒட்டிக்கொள்ளும். எதிர்வாதம் சொல்ல வேண்டிய மாணவர், பெரியவரின் பக்தியைப் புண்படுத்தக் கூடாது என்று பேசாமல் இருந்துவிடுவார். ஒரு கொள்கையை மறுக்க முடியாத அறையில் அதை அடித்தளமாக வைப்பது அந்தக் கொள்கைக்கே செய்யும் அநீதி.

எனவே நான் பரிந்துரைப்பது சிலி நாட்டு உயிரியலாளர் பிரான்சிஸ்கோ வரேலா 1996இல் முன்வைத்த நரம்புத் தோற்றவியலை. இது நனவு எதனால் ஆனது என்று சொல்லும் கொள்கையன்று, ஆராயும் முறை. அனுபவத்தை உள்ளிருந்து ஒழுங்காகக் கவனித்துச் சொல்லப் பயிற்றுவிக்கப்பட்டவர்களின் விவரணமும், வெளியிலிருந்து எடுக்கப்படும் மூளை அளவீடும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தவும் திருத்தவும் வேண்டும், எதுவும் மற்றதற்கு அடிமையாகக் கூடாது என்பது அதன் சாரம். வரேலா 2001இல் மறைந்த பின் 2002இல் வெளியான, அவருடைய பெயரும் உள்ள ஆய்வில், ஒரு காட்சி தோன்றுவதற்கு முன் தாம் எவ்வளவு ஆயத்தமாக இருந்தோம் என்று பங்கேற்றோர் தாமே வகைப்படுத்திச் சொன்னதை வைத்து மூளை மின்பதிவுகளைப் பிரித்தபோது, வேறுவழியில் இரைச்சலாக ஒதுக்கப்பட்டிருக்கும் வேறுபாடுகளில் ஒழுங்கு தெரிந்தது. சொல்லுக்கு நிறையும் உண்டு, திருத்தமும் உண்டு.

இதற்கும் குறைகள் உண்டு. கடினமான கேள்விக்கு இது விடை தருவதில்லை. விடை தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையைத் தருகிறது. கவனிக்கப் பழகுவதே அனுபவத்தை மாற்றிவிடாதா என்ற ஐயமும் நியாயமானது. தேயிலை மேசையில் கற்ற இளைஞருக்கு நாவு கூர்மையானதா, அல்லது புதிய நாவே வந்ததா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எல்லாவற்றிலும் கடுமையான எதிர்ப்பு வேறு: பயிற்றப்பட்டோரின் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்தால், பயிற்சியற்றவர் என்று சொல்லி அந்தப் பெண்ணின் சொல்லை மறுபடியும் தள்ளிவிடமாட்டோமா? அவர் பயிற்சியற்றவர் அல்லர் என்பதே என் பதில். குத்துது, கடுக்குது, இழுத்துப் பிடிக்குது, விண்விண்ணென்று தெறிக்குது, எரியுது, மதமதக்குது என்று பிரித்துச் சொல்பவர் தம் உடலோடு நீண்ட காலம் பழகிய ஒரு பார்வையாளர். ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மக்கில் வலி வினாக்கொத்து, நோயாளர் பயன்படுத்தும் இத்தகைய 78 சொற்களை இருபது தொகுதிகளாக அடுக்கியது. எந்தச் சொற்களைத் தெரிவுசெய்கிறார் என்பது நோயின் வகையை அறியவும் உதவுகிறது. தமிழில், அதுவும் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துத் தமிழில், அவ்வாறான ஒரு தொகுப்பை ஆக்குவதையே ஓராண்டின் கூட்டுவேலையாக வட்டம் எடுத்துக்கொள்ளலாம்.

படிக்கும் ஒழுங்கைப் பொறுத்தவரை, நேகலில் தொடங்கி வரேலாவுக்குப் போய், பிறகு பிளேஸையும் ஜாக்சனையும் எதிர்த்தரப்பாகப் படிப்பது நல்லது. சித்தாந்தத்தையும் பௌத்தத்தையும் ஒரே கூட்டத்தில், ஒன்றுக்கொன்று மறுப்பாக வைக்க வேண்டும். தனித்தனியாக வைத்தால் இரண்டும் பிரசங்கமாகிவிடும். டெனெட்டின் சுவைஞரைப் பற்றிய கூட்டத்தை, இயலுமானால் ஒரு தொழிற்சாலையின் சுவைபார்க்கும் அறையிலேயே நடத்தலாம். ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பக்கத்தவர்கள் அதற்கு மேற்குச் சரிவின் தரப்பருவமான சனவரி முதல் மார்ச் வரையான மாதங்களைத் தெரிவுசெய்வது நல்லது. ஒரு விதிவிலக்கு மட்டும்: வட்டத்தில் இருப்போர் பெரும்பாலும் அவ்வாண்டிலேயே உயர்தரப் பரீட்சை எழுதுவோர் என்றால், வரேலாவை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்து, பிளேஸ், ஸ்மார்ட் ஆகியோரின் கட்டுரைகளோடு தொடங்கலாம், விஞ்ஞான முறை பற்றி அவர்கள் ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பதோடு அவை நேராகப் பொருந்தும், கிரிப்கியின் மறுப்பை இரண்டாம் தவணைக்கு வைத்துக்கொள்ளலாம்.